பிடித்தலும் விடுதலும்

திங்கட்கிழமைகளில் எங்கள் ரெஸ்ரோரண்ட் பூட்டு. மற்ற ஆறு நாளும் எண்ணெய்ப் புகைக்குள்ளும் சவர்க்கார நுரைக்குள்ளும் நிற்கிற எங்களுக்கு அன்றைக்கு ஒரு திறந்த வெளி வேண்டும். அது காசு கேட்காத வெளியாகவும் இருக்கவேண்டும். ரூட்டிங்கிலிருந்து வடக்கே முக்கால் மணித்தியாலம் நடந்தால் கிளப்பம் கொமன் வரும். பெரிய புல்வெளி, மரங்கள், குளங்கள். ஒரு குளத்தில் விளையாட்டுப் படகு விடுவார்கள். மவுண்ட் பொண்ட், ஈகிள் பொண்ட் என்ற இரண்டிலும் தூண்டில் போடுவார்கள். இரணைமடுவையும் வவுனிக்குளத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை குளங்களே அல்ல. ஒரு காலத்தில் சரளைக்கல் கிண்டி எடுத்த கிடங்குகள். ஆனாலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் கொஞ்சம் ஆறும். அதற்காகத்தான் போனோம்.

நாங்கள் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அப்போது நாங்கள் நாலு பேர். இரண்டு அறை, ஒரு குசினி. எங்களில் ஒருவர் யாழ். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்து இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவர். பேனா அவருடைய கையில்தான் இருக்கிறது. ஆனால் இதில் சொல்லப்போவதைச் செய்தது நாலு பேரும். நான் என்று எழுதினால் மற்ற மூவரும் தப்பிவிடுவார்கள். அவர்கள் என்று எழுதினால் எழுதுகிறவர் தப்பிவிடுவார்.

மவுண்ட் பொண்டின் கரையில் ஒரு கிழவரைப் பழக்கம் பிடித்தோம். ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் குளத்துக்கு வருகிறவர். மடக்குக் கதிரை, இரண்டு தடி, தேத்தண்ணீர்ப் போத்தல், பெரிய கோலி வலை. மீன் இழுத்தால் ஒரு சின்னப் பெட்டி கீச்சென்று சத்தமிடும். அவர் பிடிப்பது கார்ப் என்று இங்கே சொல்கிற பெருங்கெண்டை. பிடித்ததும் அவர் செய்வதைப் பார்க்க எங்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வார். காய்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்புப் போய்விடுமாம். குழந்தையைக் கிடத்துவதுபோல் பஞ்சுப்பாயில் கிடத்துவார். முள்ளைக் கழற்றுவார். புண்ணில் மருந்து பூசுவார். நிறுப்பார். படம் எடுப்பார். பிறகு இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்தபடி அது தானாக வாலை அடிக்கும்வரைக்கும் காத்திருந்து விட்டுவிடுவார்.

"உந்தப் பெரிய மீனை ஆரும் விடுவினமோ?" என்று எங்களில் மூத்தவர் தமிழில் கேட்டார். கிழவருக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. பிடித்து, நிறுத்து, படம் எடுத்து, மருந்து போட்டு, திரும்பவும் வெளியே போகமுடியாத ஒரு குளத்துக்குள் விடுவது... எங்களுக்கும் இது நடந்திருக்கிறது. விரலடையாளம் எடுத்து, படம் எடுத்து, ஒரு கடதாசியைக் கையில் தந்து விட்டார்கள். அந்தக் கடதாசிக்கு அப்போது பெயர் தற்காலிக அனுமதி. 2018 ஜனவரியிலிருந்து அதற்குப் பெயர் குடிவரவுப் பிணை. பெயர் மாறினாலும் குளம் அதேதான். வேலை செய்யக்கூடாது, குறித்த நாளில் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது. ஓர் உயிரைத் தின்பதற்காகப் பிடிப்பது கொடுமையா, விடுவதற்காகப் பிடிப்பது கொடுமையா? இரவு பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, ஆறிய சோற்றைச் சூடாக்கிக்கொண்டே இதைப் பற்றிக் கதைத்திருக்கிறோம்.

இந்த நாட்டுச் சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. தூண்டில் போடுவதற்குச் சுற்றாடல் முகவரகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2010இல் வந்த விதிகளின்படி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு எத்தனை மீன், எந்த அளவில் எடுக்கலாம் என்று கணக்கு உண்டு. குளமென்றால் உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒரு மீனும் எடுக்கக்கூடாது. விலாங்கு பட்டால் உயிரோடு விட்டேயாக வேண்டும். தூண்டிலின் சின்ன ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால் 1987இல் அந்த ஈயத்தைத் தடைசெய்தார்கள். அன்னத்துக்கு இருந்த அந்தக் கரிசனை மீனுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வழமையான மீன்பிடியில் நடக்கும் எதற்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு பிரிவை வைத்திருக்கிறது. 2022இன் சட்டமோ மீனையும் நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்கள் என்று ஏற்றுக்கொண்டது. உணரும் என்றும் ஒத்துக்கொள்கிறார்கள். உணர்ந்தாலும் பரவாயில்லை என்றும் விட்டிருக்கிறார்கள்.

சுவிற்சர்லாந்தில் எங்களில் ஒருவரின் மச்சான் இருக்கிறார். அங்கே நிலைமை தலைகீழ். 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, விட்டுவிடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதே குற்றம். அளவில் குறைந்ததை விடலாம். மற்றதைப் பிடித்தால் உடனே கொன்றுவிடவேண்டும். ஜேர்மனியிலும் ஏறக்குறைய இதே கதை. நியாயமான காரணமின்றி ஒரு பிராணிக்கு வேதனை கொடுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். சாப்பிடுவது நியாயமான காரணம், விளையாட்டு அப்படியல்ல என்பதுதான் பொதுவாகக் கொள்ளப்படும் விளக்கம். ஆகவே பேர்ணில் இருக்கிற தமிழன் மீனை விட்டால் கொடுமைக்காரன். லண்டனில் இருக்கிற தமிழன் மீனைக் கொண்டுபோனால் கள்ளன். ஒரே மீன். ஒரே முள்.

மீனுக்கு நோகுமா என்பதையும் கேட்டிருக்கிறார்கள். 2003இல் ஸ்கொட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் மழைவில் ட்ரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசற்றிக் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். மீன்கள் வேகமாக மூச்சு வாங்கின. பக்கம் பக்கமாக ஆடின. அமிலம் பட்டவை உதட்டைக் கொண்டுபோய்ச் சரளைக்கல்லில் தேய்த்தன. நெடுநேரம் தீன் தொடவில்லை. மீனின் மூளையில் நோவை உணரும் பகுதியே இல்லை, இது வெறும் உடலின் எதிர்வினை என்று அமெரிக்காவின் ஜேம்ஸ் ரோஸ் போன்றவர்கள் மறுத்தார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. எங்களுக்கு அந்தக் கட்டுரைகளை எடைபோடும் படிப்பில்லை. ஆனால் உதட்டைக் கல்லில் தேய்க்கிற மீனின் படம் மனதைவிட்டுப் போகவில்லை.

*

இந்தக் குளத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. பெஞ்சமின் பிராங்ளின் லண்டனில் இருந்த காலத்தில் கிளப்பம் கொமனின் பெரிய குளத்துக்கு வந்து, காற்றடித்து அலை எழும்பிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டியளவு எண்ணெய் ஊற்றினார். அரை ஏக்கர் அளவு தண்ணீர் கண்ணாடிபோல் அடங்கியது. 1774இல் றோயல் சொசைற்றியின் வெளியீட்டில் இது வந்தது. அந்தப் பெரிய குளம் மவுண்ட் பொண்ட்தான் என்பார்கள்.

இதே பிராங்ளின் இளமையில் கொஞ்சக்காலம் மரக்கறி மட்டும் சாப்பிட்டவர். மீன் பிடிப்பது ஒரு காரணமற்ற கொலை என்று நினைத்தவர். ஒருமுறை கப்பல் காற்றில்லாமல் நின்றபோது மற்றவர்கள் கொட் மீன் பிடித்துப் பொரித்தார்கள். வாசனை மூக்கில் ஏறியது. மீனை வெட்டும்போது அதன் வயிற்றுக்குள் சின்ன மீன்கள் கிடந்ததைக் கண்டார். நீங்கள் ஒருவரையொருவர் தின்னலாமென்றால் நான் உங்களைத் தின்றால் என்ன என்று நியாயம் சொல்லிக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டார். விரும்பியதைச் செய்யக் காரணம் தேடித்தருவதற்கு அறிவு எவ்வளவு உதவியாக இருக்கிறது என்று தன் வரலாற்றில் தன்னையே கேலி செய்கிறார்.

எங்கள் கதையும் அந்த வாசனையில்தான் தொடங்கியது.

2011ஆம் ஆண்டு மே மாதம். அப்போது எங்களில் இரண்டு பேர் கையில் காசு வாங்கிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். மற்ற இரண்டு பேருக்கும் அரசாங்கம் கொடுத்தது கிழமைக்கு முப்பத்தாறு பவுண் சொச்சம். பசி என்று சொன்னால் பொய். வீட்டில் பருப்பு இருந்தது, பாண் இருந்தது. ஆனால் ஒன்றரை வருடமாக நாங்கள் ஒரு முழு மீனைப் பிடித்துச் சமைக்கவில்லை. ரெஸ்ரோரண்டில் மீன் வெள்ளைப் பெட்டியில் ஐஸோடு வரும். அதன் கண்ணை நாங்கள் பார்ப்பதுமில்லை, அது எங்களுக்கும் இல்லை.

ஒரு விடியற்காலை, வெளிச்சம் வருமுன், சோடாப் போத்தலில் நைலோன் நூலைச் சுற்றிக்கொண்டு போனோம். பாணைக் குழைத்து உருட்டி முள்ளில் குத்தினோம். அரைமணித்தியாலம்கூட ஆகவில்லை. நூல் கையை வெட்டியது. எட்டு இறாத்தலுக்குக் குறையாத பெருங்கெண்டை. எங்களை நம்பிப் பழகியதுபோல் கரைக்கு வந்தது என்று சொன்னால் அது மிகையல்ல. எத்தனையோ தடவை கரைக்கு வந்து திரும்பிப் போன மீன் அது. பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொண்டு நடந்தோம். முக்கால் மணித்தியாலமும் அது பைக்குள் உயிரோடு இருந்தது. கெண்டை இலேசில் சாகாது. பல்ஹம் கடைத்தெருவில் அது பையை உதைத்தபோது எதிரே வந்த ஒரு பெண் பையையே பார்த்துக்கொண்டு போனாள். வீட்டில் தொட்டிக்குள் போட்டு, இஞ்சி உள்ளி இடிக்கிற கல்லால் ஒருவர் அடித்தார். இரண்டாம் அடியில்தான் அடங்கியது.

செதில் உரிக்கும்போது வாயைப் பார்த்தோம். ஒரு பக்கம் கிழிந்து ஆறியிருந்தது. மற்றப் பக்கத்திலும் பழைய தழும்புகள். தோளில் ஒரு பக்கத்தில் செதில் இல்லாமல் உள்ளங்கையளவு மொட்டையாக இருந்தது. வெந்தயம், பழப்புளி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் காய்ச்சினோம். சேற்று மணம் போகவில்லை. ஊரில் கடல்மீன் தின்று வளர்ந்த நாக்கு. குளத்து மீனென்றால் முகம் சுழிக்கிற நாக்கு. பாதிச் சட்டியைக் குப்பையில் கொட்டினோம். அதைச் சொல்லாமல் விடலாம்தான். ஆனால் பின்னால் அதுதான் எங்களிடம் கேட்கப்பட்டது.

*

கிழவரைப் பழக்கம் பிடித்தது அதற்குப் பிறகுதான். ஒரு திங்கட்கிழமை அவர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தோளில் உள்ளங்கையளவு மொட்டை. அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்; அவருடைய காலஞ்சென்ற மனைவியின் செல்லப் பெயர். இருபது வருடத்துக்கு மேல் வயதிருக்கும், பதினொரு தடவை பிடித்து விட்டிருக்கிறேன், மே மாதத்திலிருந்து காணவில்லை, நீங்கள் யாரையும் கண்டீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றோம். நாலு பேரும் ஒரே நேரத்தில்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, போலந்துக்காரர்தான் என்றார். அப்போது பத்திரிகைகளில் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு வந்தவர்கள் கெண்டையைத் தின்கிறார்கள், அன்னத்தைத் தின்கிறார்கள் என்று. போலந்தில் நத்தாருக்கு முதல்நாள் இரவு கெண்டை சமைப்பது வழக்கம் என்பது உண்மை. எங்களோடு கோப்பை கழுவிய போலந்துக்காரத் தோழர் எங்களுக்கு அதைச் சொல்லியிருந்தார். அவரும் சில வேளைகளில் இந்தக் குளத்துக்கு வந்து, அனுமதிப்பத்திரத்தோடு, ஒரு மலிவுத் தடியோடு நிற்பவர். பிடித்ததை விட்டுவிடுபவர்.

அன்றைக்கு எங்களுக்கு வந்த கோபத்தையும் சொல்லவேண்டும். மீனுக்குப் பெயர் வைப்பதைப் பார்த்து நாங்கள் வியந்ததும், கிழவர் பென்சனைப் பற்றிச் சொன்னார். பீற்றர்பறோவுக்குக் கிட்ட ஒரு குளத்தில் இருந்த கெண்டை. அறுபத்துநாலு இறாத்தல். அறுபது தடவைக்கு மேல் பிடித்து விட்டிருக்கிறார்கள். அது செத்தபோது பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் செய்தி வந்தது. எப்போது என்று கேட்டோம். 2009 கோடையில் என்றார்.

எங்களில் ஒருவரின் தாய் 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர். கணவரையும் கடைசி மகனையும் விட்டுவிட்டு வந்தவர். விட்டுவிட்டு என்றால் மூடக்கூட நேரமில்லாமல். இன்றைக்கும் நந்திக்கடலில் பிடித்த மீனோ றாலோ வீட்டுக்கு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அந்த ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் இந்த நகரத்தின் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனங்கள் எழுபத்துமூன்று நாள் நின்றார்கள். அதற்கு ஒன்றரை மாதத்துக்குப் பிறகு இந்த நாடு ஒரு மீனுக்கு மரண அறிவித்தல் எழுதியிருக்கிறது, பெயரோடு, நிறையோடு, வயதோடு. எங்களுடையவர்களுக்கு ஓர் எண்ணிக்கைகூட ஒழுங்காக இல்லை.

அன்றிரவு, அவருக்கு ஏன் உண்மை சொல்லவேண்டும் என்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். மீனுக்கு அழுகிறவர்களுக்கு நாங்கள் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

அந்தக் கோபம் நியாயமானது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறோம். அது நியாயமாக இருந்ததால்தான் எங்களுக்கு அவ்வளவு வசதியாகவும் இருந்தது. பிராங்ளினுக்குக் கொட் மீனின் வயிறு, எங்களுக்கு முள்ளிவாய்க்கால். செத்தவர்களை எங்கள் பொய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். உண்மையான காரணம் சின்னது: பொலிஸ் வரும், பதிவு வரும், கேஸில் ஒரு கறுப்புப் புள்ளி விழும் என்ற பயம். பயம் என்று சொல்லியிருந்தால் மன்னிக்கக்கூடியது. நாங்கள் அதை நீதி என்று சொன்னோம்.

சில மாதம் கழித்துப் போலந்துத் தோழர் ஒரு நாள் முகம் சிவந்து வேலைக்கு வந்தார். குளக்கரையில் ஒரு கிழவன் எல்லோருக்கும் முன்னால் தன்னைக் கள்ளனென்று ஏசித் துரத்திவிட்டதாகச் சொன்னார். அவர் தொட்டிக்கு இந்தப் பக்கம், நாங்கள் அந்தப் பக்கம். அவர் சவர்க்காரம் போட்டுத் தந்த கோப்பையை நாங்கள் அலசிக்கொண்டிருந்தோம். "கவலைப்படாதே, இந்த வெள்ளையள் இப்பிடித்தான்" என்றோம். அவரும் வெள்ளைதான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் திரும்பவும் குளத்துக்குப் போகவில்லை. நாங்கள் போனோம். கிழவர் எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். ஆறு வருடம் குடித்தோம்.

*

பெரியபுராணத்தில் அதிபத்த நாயனார் என்று ஒருவர் வருகிறார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர். நாள்தோறும் பிடிக்கிற மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவது அவருடைய நியமம். ஒரு காலம் வந்தது. வலையில் நாளுக்கு ஒரு மீன்தான் பட்டது. அந்த ஒன்றையும் விட்டார். வீடு பட்டினி கிடந்தது. பிறகு ஒரு நாள் பொன்மீன் பட்டது, அதையும் விட்டார்.

கோயில் பிரசங்கத்தில் கேட்ட இந்தக் கதையை நாங்கள் கிழவரோடு வைத்துப் பார்த்தோம். இருவரும் பிடித்து விடுகிறவர்கள். என்ன வித்தியாசம்? அதிபத்தர் விட்டபோது அவருடைய அடுப்பு எரியவில்லை. விட்டதன் விலையை அவரே கொடுத்தார். கிழவர் விடுகிறபோது அவருக்கு ஒன்றும் குறைவதில்லை; விலையைக் கொடுத்தது மீனின் உதடு. விடுதல் என்ற செயல் இரக்கமா இல்லையா என்பதை விடுகிற கையின் மென்மையை வைத்துச் சொல்லமுடியாது. யார் விலை கொடுக்கிறார் என்று பார்க்கவேண்டும். பிடிப்பதற்கும் இதே அளவுகோல்தான். ஐசாக் வோல்ரன் தூண்டில்காரருக்கென்று 1653இல் எழுதி, இன்றும் ஆங்கிலேயர் போற்றுகிற புத்தகத்தில் பிடித்த மீனைச் சமைக்கும் முறைகளும் இருக்கின்றன. தின்றவன் தன் தேவையையாவது ஒத்துக்கொள்கிறான். நாங்கள் தின்றதில் தேவையும் பாதி, மிச்சம் பாதி குப்பையில்.

இந்த அளவுகோலைக் கண்டுபிடித்தபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. கிழவரை வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். அளவுகோலை எங்கள் பக்கம் திருப்ப இன்னும் கொஞ்சக்காலம் எடுத்தது.

2016 ஜூனில் இந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலக வாக்களித்தது. அடுத்த வசந்தத்தில் போலந்துத் தோழர் மனைவி பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பினார். கடைசி நாள் எங்களை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். அதே ஆண்டுக் கோடையில், மேன்முறையீடுகளெல்லாம் முடிந்து, நாலு பேரில் கடைசி ஆளுக்கும் அகதி அந்தஸ்துக் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை குளத்துக்குப் போய்க் கிழவரிடம் உண்மையைச் சொன்னோம்.

நாள்களைக் கவனியுங்கள். சொன்னால் எங்களுக்கு நட்டம் வரக்கூடிய ஆறு வருடமும் சொல்லவில்லை. விசா கையில் வந்த கிழமையே சொன்னோம். எங்கள் ஒப்புதலும் பிடித்துவிடுகிற மீன்தான். கையை நனைத்து, மெதுவாக, ஒரு செலவுமில்லாமல் விட்டோம். அதன் விலையை ஏற்கெனவே வேறொருவர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

கிழவர் கொஞ்சநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சாப்பிட்டீர்களா?" ஓம் என்றோம். "முழுவதையுமா?" அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எங்களால் முடியவில்லை. பாதியைக் கொட்டினோம் என்றோம். அவர் முகம் மாறியது அப்போதுதான்.

நாங்கள் எதிர்பார்த்தது ஏச்சு. அல்லது, உண்மையைச் சொன்னால், மன்னிப்பு. இரண்டும் வரவில்லை. அவர் தடியைச் சுருட்டிவைத்துவிட்டு, "அப்படியென்றால் அந்தப் பையனுக்கு நான் செய்தது..." என்று தொடங்கி நிறுத்தினார். அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார். ஊருக்குப் போய்விட்டான் என்றோம். எந்த ஊர் என்றார். விலாசம் எடுத்துத் தரமுடியுமா என்றார். அவனை ஏசியதில் இரண்டு கெட்ட சொல் இருந்தது, அதைத் திரும்ப எடுக்கவேண்டும் என்றார்.

ஆறு வருடத்தில் எங்களுக்கு ஒருமுறைகூட வராத யோசனை அது. மீனை அலட்சியமாக நோகவைக்கிறவர் என்று நாங்கள் தீர்ப்பளித்த மனிதர், தன் கணக்கில் என்ன நிலுவை என்று கேட்ட முதலாவது கேள்வி அது. விலாசம் எடுக்க மூன்று கிழமை பிடித்தது. அவர் ஓர் அட்டை எழுதி எங்களிடம் தந்தார். அதைத் தனியாக அனுப்பமுடியாது. அடியில் நாங்களும் எழுதவேண்டும். என்ன எழுதுவதென்று நாலு பேரும் இரண்டு இரவு குழம்பினோம். கடைசியில், மீனை எடுத்தது நாங்கள், நீ ஏச்சு வாங்கியபோது எங்களுக்கு அது தெரியும் என்று மட்டும் எழுதினோம். எங்கள் கேஸைப் பற்றியும் 2009ஐப் பற்றியும் ஒரு வரி எழுதி, பிறகு வெட்டினோம்.

பதில் வரவில்லை. வரவேண்டுமென்று சட்டமில்லை. 2020இல் ஊரடங்கு முடிந்தபின் கிழவரையும் குளக்கரையில் காணவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2018இலிருந்து ஆங்கிலக் கால்வாயைச் சின்னப் படகுகளில் கடந்து வருகிறார்கள். 2024 கோடையில் பல நகரங்களில் கலவரம் நடந்தபோது எங்கள் ரெஸ்ரோரண்டையும் நேரத்தோடு பூட்டினோம். அன்றைக்குக் குசினிக்குள் எங்கள் ஆட்களில் ஒருவர் சொன்னார்: "உந்தப் படகிலை வாறவங்களாலைதான் எங்களுக்கும் கெட்டபேர்." இரண்டு பேர் தலையாட்டினார்கள். தொட்டியடியில் ஓர் எரித்திரியப் பையன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அவன் படகில் வந்தவன். அவனுக்குத் தமிழ் தெரியாது.

நாங்கள் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த மீன் ஒரு நாளில் செத்தது. அந்த மௌனம் ஆறு வருடம் உயிரோடு இருந்தது. குசினியில் அதன் வாலசைவு திரும்பவும் கேட்டது. இந்தமுறை வாயைத் திறந்தோம். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணை, நீங்கள் எதாலை வந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டோம். அவர் கோபித்துக்கொண்டார். இரண்டு கிழமை எங்களோடு கதைக்கவில்லை. முறைமாற்றத்தில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு வேலையும் விழுந்தது.

சின்ன விலைதான். ஆனால் கொடுத்தது நாங்கள்.